மூணு லூப்பர், ஒரே கிளாக்

*மாடிவீட்டு மியூசிக் குரூப்*

*கவின்* 6:42
மாமா, ஒரு ட்ரம் மெஷினும் மூணு லூப்பரும் (வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுற பெட்டி) வச்சிருக்கேன்: பழைய ஆர்சி-505, ரெண்டு ஆர்சி-5. எல்லாத்துலயும் டெம்போ 120தான் (நிமிஷத்துக்கு 120 பீட்) போட்டிருக்கு. பத்து சுத்துக்குள்ள விலகிடுது.

*முரளி மாமா* 6:45
நம்பர் ஒண்ணா இருந்தா போதாதுடா. ஒவ்வொரு பெட்டியும் தன் கணக்குலதான் ஓடும். ஒண்ணு 120, இன்னொண்ணு 120.1னு வச்சுக்கோ. நாலு பார் லூப் 8 விநாடி. சுத்துக்கு 6.7 மில்லி விநாடி விலகும், பத்து சுத்துல 67. காதுல பளிச்சுனு விழும்.

*தேன்மொழி அக்கா* 6:47
ட்ரம் மெஷின் மட்டும் மாஸ்டர், மத்ததெல்லாம் அது பின்னாடி வரணும். அதுல கிளாக் அவுட்டை (வேகத்தைச் சொல்ற தட்டை வெளியே அனுப்புறது) ஆன் பண்ணு. லூப்பர்ல சிங்க் கிளாக் இன்டர்னல்னு இருந்தா ஆட்டோவுக்கு மாத்து.

*கவின்* 6:48
ட்ரம் மெஷின்ல மிடி (கருவிகள் ஒண்ணுக்கொண்ணு செய்தி அனுப்புற வழி) அவுட் ஒண்ணுதான் இருக்கு அக்கா.

*தேன்மொழி அக்கா* 6:52
மிடி த்ரூ பாக்ஸ் வாங்கு, ஒரு இன், நாலு அவுட், உள்ளே வர்றதை அப்படியே நாலாப் பிரிச்சு அனுப்பும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு கோத்துக்கிட்டே போகாத, நடுவுல ஒண்ணு தடுமாறினா பின்னாடி இருக்கிறதெல்லாம் போச்சு. 505க்கு அஞ்சு பின் கேபிள். ஆர்சி-5க்கு அஞ்சு பின்லேர்ந்து 3.5 எம்எம் டிஆர்எஸ் (ஹெட்போன் மாதிரி ஜாக்), *டைப் ஏ*. உள்ள ஒயர் மாறி இருக்கிற டைப் பி-யும் அழகா செருகும், சிக்னல் மட்டும் வராது. மல்டிமீட்டர் வச்சுப் பாரு: ஜாக் நுனி 5ஆம் பின்னோட பீப் அடிச்சா ஏ, 4ஆம் பின்னோட அடிச்சா பி.

*கவின்* 7:30
ஒரு கேபிள் பி! மாத்திட்டேன். இப்ப வேகம் ஒட்டிக்கிச்சு, ஆனா ரெண்டாவது ஆர்சி-5 ஒரு பீட் தள்ளி நிக்குது.

*முரளி மாமா* 7:36
இங்கதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. கிளாக் சொல்றது காலப்பிரமாணம் மட்டும். பீட்டுக்கு 24 தட்டு, 120ல 20.8 மில்லி விநாடிக்கு ஒண்ணு. சமம் (தாளம் தொடங்குற இடம்) எங்கேன்னு அதுல கிடையாது. அதைச் சொல்றது ஸ்டார்ட் செய்தி, ப்ளே அமுக்கும்போது ஒரே ஒரு தடவை வரும். அதுக்கப்புறம் ஆன் பண்ணின பெட்டிக்கு வேகம் தெரியும், இடம் தெரியாது.

எல்லாத்தையும் ஆன் பண்ணி, எல்லாத்தையும் ஸ்டாப்புல வை. லூப்பர் மெனுவுல ஸ்டார்ட்டை ஏத்துக்கிற செட்டிங் ஆஃப்ல கிடக்கான்னு பாரு. கடைசியா மாஸ்டர்ல ப்ளே. அப்புறம்தான் ரெக்கார்ட்.

*கவின்* 7:51
சரியாயிடுச்சு மாமா 🙏 மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கை தாளம்) வாசிக்கலாமா?

*முரளி மாமா* 7:55
தாராளமா. ஆனா 3+4னு கிளாக்குக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டிலயும், ஒவ்வொரு மெமரிலயும் 7/8ஐ நீயே போடணும், அதுவும் ரெக்கார்டுக்கு முன்னாடி. ஆவர்த்தனத்துக்கு (தாளத்தோட ஒரு முழு சுத்துக்கு) 84 தட்டு, அரை பீட்டுக்கு 12 வீதம் ஏழு. ஒரு பெட்டி மட்டும் 4/4லயே கிடந்தா அது 96ல மூடும். எட்டு ஆவர்த்தனம் கழிச்சுதான் ரெண்டும் சமத்துல சேரும்.

*தேன்மொழி அக்கா* 7:58
நடுவுல டெம்போ குமிழைத் தொடாத கவின். பதிஞ்ச ஒலியை லூப்பர் இழுத்து நீட்டும். மிருதங்கம் தாங்கிக்கும், வயலின்ல நீண்ட சுரம் கரகரக்கும். வேகம் மாத்தணும்னா மாத்திட்டு புதுசா பதி.

*கவின்* 8:03
ஃபோனை ப்ளூடூத்ல மாஸ்டரா வைக்கலாமா?

*தேன்மொழி அக்கா* 8:05
வேண்டாம். தட்டு ஒரே இடைவெளில வராம கூட்டமா வந்து விழும். லூப்பர் திரையில டெம்போ எண் ஆடிக்கிட்டே இருக்கும். ட்ரம் மெஷினே இருக்கட்டும்.