ஸ்கியோப்பெட்டினோ வைன் குடிச்சவங்க யாராவது உண்டா? மிளகு வாசம் வந்துச்சா?

மஞ்சக்குட்டை எஸ்டேட்:
இத்தாலி ஃப்ரியூலிப் பக்கத்துச் சிவப்பு. 1970-கள்ல அழியிற நிலைக்கே போன திராட்சை, ரோங்கி தி சால்லா தோட்டக்காரங்கதான் மீட்டெடுத்தாங்க. அந்தப் பக்கத்து ஊடினே ஊர்ல இருக்கிற தங்கச்சி ஒரு பாட்டில் கொண்டு வந்தா. இங்க ஏற்காட்டுல மிளகு பறிப்பு முடிஞ்ச சமயம். கிளாஸை மூக்குக்குக் கொண்டு போனேன், அப்படியே நின்னுட்டேன். பச்சைச் சரத்தை உதிர்க்கிறப்ப உள்ளங்கையில ஏறுமே, அதே வாசம்! பழமெல்லாம் அதுக்குப் பின்னாடிதான் வந்துச்சு. பெரியப்பாகிட்ட நீட்டினேன். குடிக்க மாட்டாரு, மோந்து மட்டும் பார்த்தாரு. வாழ்நாள் முழுக்க சில்வர் ஓக்குல கொடி ஏத்தினவரு, ஒரு மிளகைக் கடிச்சே காய்ச்சல் பதம் சொல்லுவாரு. "திராட்சைதான்டா மணக்குது, மிளகு எங்க இருக்கு?"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாரு. அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

ஃபேர்லேண்ட்ஸ்:
பெரியப்பா சொன்னதுதான் சரிங்க. நாளெல்லாம் களத்துல நின்ன உங்களுக்குத் தண்ணியும் மிளகாத்தான் மணக்கும். பெங்களூர்ல நாசிக் ஷிராஸ் வைன் குடிச்சேன். கூட இருந்தவங்க எல்லாரும் மிளகு, மிளகுன்னாங்க. எனக்கு நாவல்பழம் மட்டும்தான், கடைசிச் சொட்டு வரைக்கும். லேபிளைப் படிச்சுட்டு மோந்தா எழுதினது எல்லாம் வரத்தான் செய்யும்.

அம்மாபேட்டை டீச்சர்:
ஃபேர்லேண்ட்ஸ் சார், இது லேபிள் வேலை இல்லை. ரோட்டண்டோன்னு ஒரு பொருள். மிளகுல இருக்கிற அதேதான் வைன்லயும் இருக்கு. ஷிராஸ்ல இருக்குன்னு 2008-ல ஆஸ்திரேலியாக்காரங்க வெளியிட்டாங்க, ஸ்கியோப்பெட்டினோல 2011-ல வந்துச்சு. லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே சிவப்பு வைன்ல மூக்குக்குத் தெரிஞ்சிரும். ஆனா அதே 2008 ஆய்வுல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு, தண்ணியில லிட்டருக்கு 4000 நானோகிராம் கலந்து கொடுத்தும் தெரியலை! நீங்களும் பெரியப்பாவும் அந்த அஞ்சுல ஒருத்தரா இருக்கலாம். கூட இருந்தவங்க பொய் சொல்லலை சார், நீங்களும் பொய் சொல்லலை. நான் குடிச்சது ஒரே ஒரு ஷிராஸ். முதல் மோப்பத்துலயே அம்மா ரசத்துக்கு மிளகு தட்டுற உரல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அஸ்தம்பட்டி:
மக ஜார்ஜியா நாட்டு திபிலிசில மருத்துவம் படிக்கிறா. அங்க போனப்ப சப்பெராவி வைன் கொடுத்தாங்க. தோல் மட்டுமில்லைங்க, சதையே சிவப்பான திராட்சை. மண்ணுல புதைச்ச பெரிய ஜாடியில ஊற வைக்கிறாங்க, அந்த முறையை யுனெஸ்கோ 2013-ல பட்டியல்ல சேர்த்துச்சு. உதட்டைத் துடைச்சேன், வெள்ளைக் கைக்குட்டை ஊதாவாயிருச்சு.

மஞ்சக்குட்டைத் தம்பி, ஒண்ணு சொல்றேன். அடுத்த பாட்டில் வந்தா கார் டிக்கியில வெச்சு மலை ஏத்தாதீங்க. சேலத்து மதிய வெயில்ல டிக்கி அடுப்பு மாதிரி கொதிக்கும். சீட்டுக்கடியில ஈரத்துணி சுத்தி வைங்க. மேல போனதும் உடனே திறக்காம ஒரு ராத்திரி நிமித்தி வைங்க. 16, 18 டிகிரியில ஊத்தணும், வெக்கையில ஊத்தினா சாராய நெடிதான் முன்னாடி நிக்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டவே வேண்டாம், வாய் குறுகின கண்ணாடி கிளாஸ்ல கால்வாசி போதும். பெரியப்பாகிட்ட காலையில, காபிக்கு முன்னாடி கொடுங்க. களத்துக்குப் போயிட்டு வந்த மூக்கு களைச்சிருக்கும். திராட்சை பழுக்கிறப்ப குளிர்ச்சியா இருந்த வருசத்து பாட்டிலா கேட்டு வாங்குங்க, மிளகு அதுலதான் தூக்கலா இருக்கும்.

ஃபேர்லேண்ட்ஸ்:
அஸ்தம்பட்டிக்கா, தெரியாத மூக்குக்குக் காலை என்ன, சாயங்காலம் என்ன? டீச்சர் சொன்ன கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா வைனை மிளகுக்காகவே குடிக்கணும்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். எனக்குக் கிடைச்ச நாவல்பழம் அருமையா இருந்துச்சு.

மஞ்சக்குட்டை எஸ்டேட்:
டீச்சர், நீங்க எழுதினதைப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்போ இத்தனை வருசமா களத்துல நான் மோந்தது எது?"ன்னு கேட்டாரு. என்னங்க சொல்றது?

அம்மாபேட்டை டீச்சர்:
அதுவும் மிளகுதான்னு சொல்லுங்க. பைனீன், லிமோனீன்னு மிளகுல வேற வாசங்களும் நிறைய இருக்கு, அதெல்லாம் அவருக்குக் கிடைச்சிருக்கும். காரம் பைப்பரினால வர்றது, அதுக்கு ரோட்டண்டோன் தேவையே இல்லை. கடிச்சுப் பதம் சொல்றதுல அவருக்கு ஒரு குறையும் வராது.