புதுப்பிப்பு: புகை அலாரத்தின் கீச்சொலி நின்றுவிட்டது

டொரன்டோவில் எங்கள் வீட்டுப் புகை அலாரம் நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிடுகிறது, புது 9 வோல்ட் பேட்டரி போட்டும் நிற்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

ஏணி போட்டு ஏறி, திருகிக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். மஞ்சளேறிய லேபிளில் தயாரித்த ஆண்டு 2013. இவற்றின் ஆயுள் பொதுவாக 10 வருடம்தான். அதற்குமேல் புகையை உணரும் பாகத்தை நம்ப முடியாது. ஆயுள் முடிந்ததால்தான் கீச்சிட்டிருக்கிறது, பேட்டரி மாற்றிப் பயனில்லை. புதியது மாட்டியாச்சு.

பழையது பேட்டரியை எடுத்த பிறகும் மேசைமேல் கிடந்து ஒருமுறை கீச்சிட்டது! டெஸ்ட் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்ததும், மிச்ச மின்சாரம் தீர்ந்து அடங்கியது.

"கழற்றி வைச்சிடுங்க" என்று சொன்னவருக்கு: தயவுசெய்து வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் வீடு. எங்கள் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி ஒவ்வொரு தளத்திலும் அலாரம் கட்டாயம்.

கீழ்த்தளத்து அலாரமும் அதே 2013தான். நாளைக்கு அதையும் மாற்றுகிறேன்.