கிழமைப் பெயரை நம்பிப் பிறந்த தேதியைத் திருத்தலாமா?

இளவேனில்:
கானாவின் முதல் அதிபர் குவாமே நுக்ருமா பிறந்தது 21 செப்டம்பர் 1909 என்றுதான் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. அது செவ்வாய்க்கிழமை. 'குவாமே' என்பதோ கானாவிலும் பக்கத்து ஐவரி கோஸ்டிலும் வாழும் அகான் மக்கள் சனிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர். செவ்வாயில் பிறந்திருந்தால் அவர் குவாபெனா ஆகியிருப்பார். எனவே தேதிதான் தவறு, அதற்கு முந்தைய சனியான செப்டம்பர் 18தான் சரி என்பது என் வாதம்.

தெரியாதவர்களுக்காக வரிசை: ஞாயிறு குவாசி, திங்கள் கொஜோ, செவ்வாய் குவாபெனா, புதன் குவாக்கு, வியாழன் யாவ், வெள்ளி கொஃபி, சனி குவாமே. பெண்களுக்கு இதே வரிசையில் அகோசுவா, அஜோவா, அபெனா, அகுவா, யா, அஃபுவா, அமா. இதைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்த நாளே கொடுத்துவிடுகிறது. உயிரோடு சேர்ந்து வந்ததாகக் கருதுவதால் 'க்ரா தின்', அதாவது ஆன்மாவின் பெயர் என்கிறார்கள். எட்டாம் நாள் சடங்கில் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு மதுவும் வைத்து, தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லி வளரச் சொல்வார்கள். அப்போது தந்தை தருவது இரண்டாவது பெயர். விருப்பத்துக்கு இடம் அதில்தான். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கொஃபி அன்னான் பிறந்த 8 ஏப்ரல் 1938 வெள்ளிக்கிழமையேதான்.

மாறன்:
அன்னான் பொருந்துகிறார், சரி. அகான் கிளைகளில் ஒன்றான அசாந்தி மக்களின் இப்போதைய மன்னர் இரண்டாம் ஒசேய் டுட்டு பிறந்தது 6 மே 1950. சனிக்கிழமை. உங்கள் கணக்குப்படி அவர் குவாமே. ஆனால் அரியணை ஏறும் முன் அவர் பெயர் குவாக்கு துவா, அதாவது புதன்காரர். அவருடைய தேதியையும் திருத்துவீர்களா? தாத்தாவின் பெயர் அப்படியே பேரனுக்கு வந்திருக்கிறது.

நுக்ருமாவிடமே வாருங்கள். 'நுக்ருமா' ஒன்பதாம் பிள்ளைக்கு உரிய பெயர். மூன்றாமவர் மென்சா, நான்காமவர் அனான், பத்தாமவர் படு என்று போகும் வரிசையில் வருவது. அவரோ தாய்க்கு ஒரே பிள்ளை. ஒரு பாதியை எழுத்துக்கு எழுத்து நம்பி, மறுபாதியைக் கண்டுகொள்ளாமல் விடுவது ஆய்வு ஆகாது.

இளவேனில்:
தாய்க்கு ஒரே பிள்ளைதான். தந்தைக்கு வேறு மனைவியரும் பிள்ளைகளும் இருந்ததை நீங்கள் சொல்லவில்லை. அதனால் அந்த ஒன்பதை வைத்து எதையும் நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

'குவாக்கு துவா' வேறு வகை. 1834 முதல் 1867 வரை ஆண்ட அசாந்தி மன்னரின் பெயர் அது. அவருக்குப் பிறகும் அரியணைப் பெயராக வந்தது. இரண்டு சொல்லும் பிரியாமல் ஒரே கட்டாக இறங்கும். அப்படிப்பட்ட கட்டுப்பெயரில் கிழமையைத் தேடக் கூடாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். நுக்ருமாவின் கதை அதுவல்ல. 21 என்ற தேதி ஞானஸ்நானம் கொடுத்த கத்தோலிக்கப் பாதிரியார் உத்தேசமாக எழுதியது என்று நுக்ருமாவே தன்வரலாற்றில் சொல்கிறார். தான் பிறந்தது சனிக்கிழமை என்பதையும் அங்கேயே சொல்கிறார். உத்தேசத் தேதி ஒரு பக்கம், தாய்க்கு நினைவிருந்த கிழமை மறுபக்கம். எதை நம்புவது?

மாறன்:
தாயை நம்புங்கள், ஆனால் முழுதாக நம்புங்கள். தாயின் கணக்குப்படி அவர் பிறந்த ஆண்டு 1912. 21 செப்டம்பர் 1912 என்ன கிழமை என்று பாருங்கள்: சனி! பாதிரியாரின் தேதியும் தாயின் ஆண்டும் சேர்ந்தால் ஒரு நாளைக்கூட நகர்த்தாமல் பெயர் பொருந்திவிடுகிறது. நீங்கள் ஆண்டை வைத்துக்கொண்டு நாளை மாற்றினீர்கள். நாளை வைத்துக்கொண்டு ஆண்டை மாற்றினாலும் அதே விடை. ஏழில் ஒன்று தற்செயலாகவே பொருந்தும் சான்று இது. பொருந்தாத தேதி ஒன்றைச் சந்தேகிக்க உதவும். சரியான தேதியைக் கண்டுபிடித்துத் தராது.

தாமரை:
இருவரும் கானாவுக்குள்ளேயே நிற்கிறீர்கள். சிக்கல் பெரிதாவது கடலுக்கு அப்பால். அகான் மக்கள் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஜமைக்காவின் அடிமைப் பட்டியல்களில் கொஜோ 'கட்ஜோ' ஆனார், கொஃபி 'கஃபீ' ஆனார், குவாசி 'குவாஷி' ஆனார். 1739இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்த, தப்பியோடித் தனியே வாழ்ந்த அடிமைகளான மரூன்களின் தலைவரின் பெயர் கட்ஜோ. அங்கே இந்தப் பெயர்கள் பிறந்த நாளை விட்டு விலகின. 'குவாஷி' முட்டாளைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே மாறியது. பிறந்த நாளோடு வந்த பெயரை ஒருவரை இழிவுபடுத்தத் திருப்பிவிட்டார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. மாசசூசெட்ஸ் கப்பல் உரிமையாளர் பால் கஃபீ பிறந்த 17 ஜனவரி 1759 புதன்கிழமை; 'கஃபீ' அவருடைய தந்தையின் பெயர். ஒரே தலைமுறையில் கிழமைப் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது.

இன்னொரு பொறி நாட்காட்டி. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் ஜூலியன் நாட்காட்டியிலிருந்து இன்றைய கிரிகோரியனுக்கு மாறிய 1752இல் 2 செப்டம்பர் புதனுக்கு அடுத்த நாளை 14 செப்டம்பர் வியாழன் என்று வைத்தன. அதற்கு முந்தைய ஆங்கிலேய ஆவணத் தேதியை இணையக் கணிப்பானில் அப்படியே போட்டால் கிழமை தவறும். முதலில் பழைய ஜூலியன் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாறன்:
இதோடு ஐவரி கோஸ்டின் பவுலே மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் அகான் கிளைதான், ஆனால் வரிசை ஒரு நாள் தள்ளி வருகிறது: கொஃபி சனி, குவாமே ஞாயிறு. பெயரைப் பார்த்ததும் கானா அட்டவணையை எடுத்தால் ஒவ்வொரு தேதியிலும் ஒரு நாள் பிசகும்.

இளவேனில்:
ஏற்கிறேன். எந்தக் கிளை, தனிப்பெயரா கட்டுப்பெயரா, தேதியை எழுதியவர் யார், எந்த நாட்காட்டி என்ற நான்கையும் பார்த்த பிறகுதான் கிழமையைத் தொட வேண்டும். ஆனால் நுக்ருமா விஷயத்தில் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். 18 செப்டம்பர் 1909 ஆக இருக்கலாம், 21 செப்டம்பர் 1912 ஆகவும் இருக்கலாம். கானா இன்று விடுமுறை விட்டுக் கொண்டாடும் செப்டம்பர் 21 சரியாகவே இருந்தாலும், 1909 என்ற ஆண்டோடு அது சேராது. நூல்கள் அந்த இரண்டையும் கேள்வியே இல்லாமல் ஒட்டி அச்சிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மாறன்:
அதில் எனக்கும் மறுப்பு இல்லை. 'உத்தேசமாக' என்ற சொல்லை முன்னால் போட்டு அச்சிடட்டும். 18 என்று திருத்தி அச்சிட்டால் மட்டும் மறுபடி இங்கே வருவேன்.