ஹோல்டனைச் சுற்றி இருப்பவர்கள்: கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' (1951) நாவல். எல்லோரும் கதை சொல்லும் நாயகன் ஹோல்டனைப் பற்றியே பேசுவார்கள் என்று நான் துணைப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டேன். ஜேம்ஸ் காஸிலிடம் வந்து சிக்கி நிற்கிறேன்.

சக மாணவன் ஒருவனைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற மறுத்து, ஜன்னல் வழியே குதித்துச் சாகிற பையன். அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். பள்ளி வருகைப் பதிவில் ஹோல்டன் பெயருக்கு முந்தைய பெயர் அவனுடையது. இத்தனைக்கும் இருவருக்கும் பெரிய பழக்கமே கிடையாது. ஆனால், 'உனக்குப் பிடித்தது ஒன்றைச் சொல்' என்று தங்கை ஃபீபி கேட்கும்போது, சிற்றுண்டிக் கடையில் பார்த்த இரண்டு கன்னியாஸ்திரிகளோடு இவனும் நினைவுக்கு வருகிறான். ஏன் இவன்? ஹோல்டனின் தனிமைக்கு இவன் கண்ணாடி என்று சொல்லி முடித்துவிடலாம்தான், எனக்கு அது போதவில்லை.

ஹோல்டனின் பழைய தோழி ஜேன் கேலகர் இன்னொரு புதிர். கதையில் நேரில் வருவதே இல்லை. செக்கர்ஸ் ஆட்டத்தில் ராஜாக் காய்களைக் கடைசி வரிசையைவிட்டு நகர்த்தாத பெண். ஹோல்டன் அவளுக்கு ஃபோன் செய்ய நினைத்து நினைத்துத் தள்ளிப்போடுகிறான்.

இந்த இருவரையும் நீங்கள் எப்படி வாசித்தீர்கள்? தமிழில் கட்டுரை ஏதும் இருந்தால் சொல்லுங்கள். ஹோல்டனின் பக்கத்து அறை மாணவன் ஆக்லி வேண்டாம், அந்தப் பருக்காரனைப் பற்றிப் பேச வட்டத்தில் ஏற்கெனவே அடிதடி. கூட்டம் ஞாயிறு மாலை, அதற்குள் பதில் போட்டால் புண்ணியம்.