பயிற்சிக்கு நிதி உண்டு. வேலையில் சேர்ந்தபின் முதல் ஓராண்டுக்கு?

பாலக்கோட்டிலிருந்து கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். செவித்திறன் குறைந்த இளைஞர்களுக்கு எங்கள் சிறு குழு தொழிற்பயிற்சி அளித்து வருகிறது. சென்ற ஆண்டு பயிற்சி முடித்த ஒன்பது பேரை ஓசூர்ப் பகுதித் தொழிற்கூடங்களில் சேர்த்துவிட்டோம். ஆறு மாதத்திற்குள் ஆறு பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். ஆறு பேருக்கும் வேலை நன்றாகத் தெரியும். மேற்பார்வையாளர் சொல்வது புரியவில்லை, தங்க இடம் அமையவில்லை, காலை ஷிப்டுக்கு இங்கிருந்து ராயக்கோட்டை வழியாகப் போய்ச் சேர முடியவில்லை என்பவையே காரணங்கள். எங்களுக்கு வரும் நிதியோ பயிற்சியின் கடைசி நாளோடு நின்றுவிடுகிறது. அரசும் நிறுவனங்களும் எங்களைப் போன்றோரும் கூட்டாக, வேலையில் சேர்ந்தபின் வரும் முதல் ஓராண்டுக்கும் நிதி ஒதுக்க வழி உண்டா?

தருமபுரி, ஓய்வுபெற்ற அலுவலர்:
ஐயா, சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 34ஆம் பிரிவில் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தருவதைப் பலரும் அறிவர். தனியார் நிறுவனங்களின் பணியாளர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் வகையில் அரசு ஊக்கத்தொகை வழங்க வேண்டும் என்னும் 35ஆம் பிரிவைத்தான் யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 2008இலேயே, மாத ஊதியம் 25,000 ரூபாய் வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பணியாளருக்காக முதலாளி கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பங்கை முதல் மூன்றாண்டுகளுக்குத் தானே ஏற்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அந்தச் சலுகை முதலாளியின் செலவைக் குறைத்ததே தவிர, பணியாளரின் அறை வாடகைக்கோ சைகைமொழிபெயர்ப்பாளருக்கோ போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புத் திறன் வளர்ப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் நடைபெறும் தமிழ்நாடு உரிமைகள் திட்டம் பற்றியும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விசாரியுங்கள்.

ஓசூர், சிறு தொழிற்கூட உரிமையாளர்:
என்னிடம் செவித்திறன் குறைந்த இருவர் வேலை செய்கிறார்கள். பிரஸ் மிஷினில் கோளாறு வந்தால் ஒலிக்கும் மணியோடு, கண்மட்டத்தில் ஒரு சிவப்பு விளக்கையும் இணைத்தேன். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. இன்று மற்றவர்களும் மணியைக் கவனிப்பதை விட்டு அந்த விளக்கைத்தான் பார்க்கிறார்கள். என்னைப் போன்றோருக்கு மானியத்தைவிட, முதல் இரண்டு வாரம் சைகைமொழி தெரிந்த ஒருவர் மிஷின் அருகில் நிற்பதே பேருதவி. அவருடைய சம்பளத்தை யாராவது ஏற்றால், என்னைப் போலப் பத்துக் கூடங்கள் ஆளெடுக்க முன்வரும்.

கிருஷ்ணகிரி, கால் பாதிப்புள்ள பட்டதாரி:
சுயதொழிலுக்கு வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தொழிலுக்கான திட்டச் செலவில் நாங்கள் 5 விழுக்காடு போட்டால் போதும். கிராமப்புறத்தில் 35 விழுக்காடு மானியமும் உண்டு. ஆனால் எங்கள் எல்லோரையும் பெட்டிக்கடைக்கே அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதச் சம்பளம் வாங்கும் வேலையை விரும்புவோரும் எங்களில் நிறைய இருக்கிறோம்.

பாலக்கோட்டிலிருந்து மீண்டும்:
மூவருக்கும் நன்றி. மொழிபெயர்ப்பாளரின் ஊதியம், ஓசூரில் மூன்று மாத அறை வாடகை, மாதம் ஒருமுறை தொழிற்கூடத்திற்கே சென்று பார்ப்பதற்கான செலவு ஆகிய மூன்றையும் தனித்தனி இனங்களாகத் திட்ட வரைவில் எழுதப் போகிறேன். ஓசூர் நண்பர் இசைந்தால், திரும்பி வந்த ஆறு பேரில் இருவரை அவருடைய கூடத்திற்கு அழைத்து வந்து அந்தச் சிவப்பு விளக்கைக் காட்ட விரும்புகிறேன்.