சீனாவில் வியாபாரம்: ஆள் பழக்கமா, ஒப்பந்தமா? உங்கள் அனுபவம் என்ன?

ஈவூவாசி:
சீனாவின் மொத்தச் சந்தை நகரமான ஈவூவில் ஹார்டுவேர் சாமான் கொள்முதல் செய்கிறேன். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் சரக்கு ஏற்றும் முன், இதுதான் இங்கே பொதுவான நடைமுறை. ஒரு தொழிற்சாலை முதலாளியோடு நல்ல பழக்கம். விருந்தில் பைஜியூ என்ற சீன மதுவை ஊற்றிக்கொண்டே இருப்பார், 'லாவ் பெங்யோ' (பழைய நண்பா) என்று தோளில் கை போடுவார். சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் மற்றவர்கள் சரக்குக்கு அல்லாடும்போது என்னுடையது முதலில் கிளம்பிவிடும். குவான்ஷி என்று இங்கே சொல்லும் ஆள் பழக்கத்தின் அருமை அப்போது தெரியும். ஒருமுறை கதவுக் கீல்கள் மெல்லிய தகட்டில் வந்து சேர்ந்தன. "அடுத்த ஆர்டரில் ஈடுகட்டிக்கலாம்" என்றார். ஈடுகட்டினார்தான், ஆனால் அடுத்த விலையைக் கொஞ்சம் ஏற்றி அதிலிருந்தே!

குவாங்சோ ஏஜென்ட்:
அவரைக் குறை சொல்ல மாட்டேன். தகட்டின் கனம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்ததா? அதுதான் கேள்வி. இங்கே கையெழுத்தைவிட கம்பெனியின் வட்டச் சிவப்பு முத்திரைக்குத்தான் மதிப்பு. கம்பெனியின் பதிவுப் பெயர் சீன மொழியில்தான் இருக்கும். விசிட்டிங் கார்டில் உள்ள ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. பணத்தை ஹாங்காங் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் உஷார். நாளைக்கு "அது வேறு கம்பெனி" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், பாக்கி வராமல் போனதும் சீன நீதிமன்றத்திலேயே வழக்குப் போட்டார். வழக்கோடு சேர்த்து எதிராளியின் வங்கிக் கணக்கை முடக்கவும் மனு கொடுத்தார். முடக்கிய பிறகு அந்த முதலாளியே சமரசம் பேச ஓடி வந்தார். தீர்ப்பு வந்தும் பணம் கட்டாதவர் பெயரை உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல் பட்டியல் போட்டு வெளியிடுகிறது. அதில் பெயர் ஏறினால் விமானத்துக்கோ அதிவேக ரயிலுக்கோ டிக்கெட் எடுக்க முடியாது. ஊர் ஊராகச் சுற்றும் முதலாளிக்கு அந்தப் பயம் போதும்.

பழைய கை:
பழக்கம் என்ற பெயரில் கவர் கேட்பவர்களும் உண்டு. தனியார் கம்பெனி ஆளுக்குக் கொடுத்தாலும் இங்கே குற்றம்தான். மருந்துக் கம்பெனி ஜிஎஸ்கே, டாக்டர்களுக்கு லஞ்சம் கொடுத்ததாக 2014இல் சாங்ஷா நீதிமன்றம் 300 கோடி யுவான் அபராதம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? இலையுதிர்கால விழாவுக்கு மூன்கேக் என்ற பண்டிகைப் பலகாரம் ஒரு பெட்டி, கொஞ்சம் தேயிலை, அதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

ஈவூவாசி, அந்தக் கீலுக்கு வெளி ஆளை வைத்துத் தரப் பரிசோதனை செய்தீர்களா, இல்லை அவர் வார்த்தையை நம்பி ஏற்றினீர்களா?