பாடுபவர் வாய் திறக்குமுன் கேட்கும் குரலுக்கு என்ன பெயர்?

உப்புவெளி, திங்கள் இரவு

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வியாழன் காலை 9 மணிக்கு ஒரு பக்கத் தாள் அச்சகத்துக்குப் போக வேண்டும். சனிக்கிழமை உயர்தர மாணவர் 14 பேருக்குப் பழைய ஒலிச்சுருள் நாடாக்களைக் கணினிக்கு மாற்றப் பழக்குகிறோம். எந்தச் சத்தம் எதனால் வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் தாளின் பொருள். ஹிஸ் என்பதற்குச் சீறல், ஹம் என்பதற்கு முரல்வு, எல்லாவற்றுக்கும் பொதுவாக இரைச்சல் என்று போட்டுவிட்டேன். பிரின்ற் த்ரூவில் (print-through, நாடாவின் ஒரு சுற்றில் பதிந்தது அடுத்த சுற்றிலும் ஏறிக் கேட்பது) நிற்கிறேன், அதற்குச் சொல் வேண்டும்.

என்ன நடந்தது என்று நான் சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கும். ஒரு வீட்டாரிடமிருந்து வந்த சுருளில் கோணேசர் கோயிலில் பாடிய சம்பந்தர் பதிகம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் "நிரைகழல் அரவம்" என்று எடுக்கிறார். அவர் எடுப்பதற்கு மூன்று செக்கன் முன்னர், ஒன்றும் பதியாத நாடாவில், அதே குரல் அதே "நிரைகழல்" என்று எங்கோ தூரத்தில் கேட்கிறது. ஒரு மாணவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ரீச்சர், ஆரோ ஐயாவுக்கு முன்னுக்குச் சொல்லிக் குடுக்கினம்" என்றாள். அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற ஒரு சொல் வேண்டும்.

நிலாவெளி, திங்கள் இரவு

தங்கச்சி, பெயரைப் பெரியவர்கள் வைக்கட்டும். காரணத்தை நான் சொல்கிறேன். முப்பது வருடம் இந்த மெசினோடு இருந்தவன்.

நாடா சுருளில் ஒரு சுற்றின்மேல் மறு சுற்றாகப் படுத்துக் கிடக்கிறது. பலமாகப் பதிந்த சுற்றின் காந்தப்புலம் மேலும் கீழும் தொட்டுக்கொண்டிருக்கும் சுற்றுகளையும் கொஞ்சம் காந்தமாக்கிவிடுகிறது. ஆகவே அது ஒரு சுற்று முந்தியும் கேட்கும், பிந்தியும் கேட்கும். 7 அங்குலச் சுருளின் வெளிச்சுற்று ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 19 சென்ரிமீற்றர் ஓடினால் உங்கள் மூன்று செக்கன் சரியாக வரும். நாடா ஓட ஓடச் சுற்றுச் சிறுக்கும், இடைவெளியும் குறையும். அச்சுக்குக் கிட்டப் போனால் ஒரு செக்கன்தான். மண்டபத்து எதிரொலியென்றால் இடைவெளி மாறாது, குரலுக்கு முன்னும் வராது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் காதாலேயே பிடித்துவிடுவார்கள்.

மெல்லிய நாடாவில் இது கூட. வெயில் படும் அறையில் வைத்தால் இன்னும் கூட. 19 சென்ரிமீற்றர் வேகத்தில், சாதாரணத் தடிப்புள்ள நாடாவில், 600 ஹேர்ட்ஸ் பக்கத்தில்தான் கனக்க ஏறும். அது மனிதக் குரல் நிற்கும் இடம். அதனால்தான் ஆள் பேசுவதுபோல இருக்கிறது.

முரல்வுக்கும் ஒரு வரி போடுங்கள். நாடாவை நிற்பாட்டிப் பார். முரல்வு நின்றால் அது நாடாவில் பதிந்தது. நிற்காவிட்டால் மெசினிலோ ஏர்த்திலோ பிழை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகையால் 50, 100 என்ற மீடிறன்களில் தேடச் சொல்லுங்கள். சீறல் கூடினால் முதலில் ஹெட்டைத் துடைத்து, அதில் ஏறியிருக்கும் காந்தத்தை எடுக்க வேண்டும்.

மூதூர், செவ்வாய் காலை

ஆசிரியைக்கு வாழ்த்து. இரண்டு சொல் தருகிறேன்.

முதலில் பொதுச்சொல். "கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள" என்பது தொல்காப்பியர் உரியியலில் சொன்னது. அடுத்த சூத்திரத்திலேயே "அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்" என்கிறார். சத்தம், கேடு என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன. வேண்டாத சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? இரைச்சலை எடுத்துவிட்டு அழுங்கல் என்று போடுங்கள்.

பிரின்ற் த்ரூவுக்கு ஊறோசை. "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்ற குறளில் ஊறு என்பது தொடுவுணர்வு. நிலாவெளித் தம்பி சொன்னபடி சுற்றும் சுற்றும் தொட்டதால் வந்த ஓசை இது. ஊறுதல் கசிதலுமாம், கன்னியா வெந்நீர் ஊற்று நம் வாசலில் இருக்கிறது. ஊறு என்றால் கெடுதியுமாம். மூன்று பொருளும் மூன்று பக்கமாக வந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. வள்ளுவர் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தந்துவிட்டார், நாம் புணர்த்தினால் போதும்.

சென்னை, செவ்வாய் பகல்

மூதூர் ஐயா மேல் எனக்குள்ள மரியாதை குழுமம் அறிந்தது. ஆனால் அந்தக் குறளில் ஊறு ஒரு புலன், ஓசை இன்னொரு புலன். இடையில் 'உம்' தொக்கி நிற்கும் எண்ணலை ஒட்டித் தொகைச்சொல் ஆக்க முடியாது. நாளை இன்னொருவர் "ஒளியூறு" என்று கொண்டுவருவார். மாணவர் காதில் ஊறுகாய்தான் விழும்.

என் பரிந்துரை ஒற்றொலி. மை காயாத தாளை மடித்தால் எதிர்ப்பக்கத்தில் ஒற்றிக்கொள்கிறது அல்லவா? அதேதான் நடக்கிறது. கண்ணை ஒற்றிக்கொள்கிறோம், ஒற்றடம் கொடுக்கிறோம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாளில் மீடிறன் என்று வருமானால் அதிர்வெண் என்று மாற்றிவிடுங்கள். உலகத் தமிழருக்குப் பொதுவான சொல் அதுவே.

மூதூர், செவ்வாய் பகல்

மீடிறனை மாற்ற விடமாட்டேன். எங்கள் பிள்ளைகள் பௌதிகப் பாடநூலிலும் பரீட்சைத் தாளிலும் மீடிறன் என்றே படிக்கிறார்கள். விளங்குதல் முக்கியம் என்றவர் நீங்கள். யாருக்கு விளங்குதல் என்று முதலில் சொல்லுங்கள்.

ஒற்று என்றால் தமிழ் படித்த பிள்ளைக்கு மெய்யெழுத்து. ஒற்றொலி என்றால் க், ங் என்பவற்றின் ஒலி. திருக்குறள் படித்த பிள்ளைக்கு ஒற்றாடல். உளவு பார்க்கும் ஒலி என்று நினைக்கும்.

மட்டக்களப்பு, செவ்வாய் மாலை

புதுச்சொல்லே வேண்டாம் என்பது என் எண்ணம். எதிரொலி போதும். காலம் மூன்றை "இறப்பின் நிகழ்வின் எதிர்வின்" என்று தொல்காப்பியர் வைக்கிறார். எதிர்வு என்றால் இனி வரப்போவது. அப்படியானால் இனி வரப்போகும் ஒலியின் முன்வரவு எதிரொலிதானே? மலையில் பட்டுத் திரும்பும் ஒலிக்கு எதிர் என்பது எதிர்ப்பக்கம், நாடாவில் கேட்கும் ஒலிக்கு எதிர் என்பது எதிர்காலம். ஒரே சொல்லின் இரண்டு முகம். எதிரே வருபவரை எதிர்கொள்ளும்போது அவர் இடத்தாலும் எதிர், காலத்தாலும் எதிர். "எதிர்ப்பை" என்ற பழைய சொல்லையும் பாருங்கள். இன்று வாங்கி நாளை அதே அளவில் திருப்பிக் கொடுப்பது...

இன்னும் எழுதுவேன், விளக்குக்கு எண்ணெய் போதாது. 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் மண்ணில் பிறந்தவர். பழைய சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுவதற்கு நாங்கள் கூச வேண்டியதில்லை.

நிலாவெளி, செவ்வாய் இரவு

அண்ணை, முன்னுக்கு வருவது மட்டுமில்லை, பின்னுக்கும் வரும் என்று எழுதினேனே. பின்னால் வருவதற்கு உங்கள் எதிர்காலம் பொருந்தாது. பிள்ளைகள் மண்டபத்து எதிரொலியையும் இதையும் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் முழு வேலையும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நான் சொன்ன சோதனை வீண்.

உப்புவெளி, புதன் காலை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்தச் சுருளை முழுக்கக் கேட்டேன். நான் எழுதிய ஒன்று பிழை என்று தெரிந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் பாடும்போது பின்னால் இடைவிடாமல் ஒரு ஓசை. சீறல் என்று நினைத்து அடிக்கோடிட்டேன். பிறகுதான் அது எழும்பி எழும்பி விழுவது கேட்டது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைக்குக் கீழே கடல். பதிகத்தின் முதற் பாட்டின் கடைசி அடியே "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று தொடங்குகிறது, அந்தக் கடல் நாடாவில் இருக்கிறது. இரைச்சல் என்று பொதுப்பெயர் வைத்து, இரைச்சலை நீக்கு என்று தாளில் எழுதினால், பதினான்கு பிள்ளைகளும் முதலில் அழிப்பது கடலைத்தான். இங்கே கடல் இரையுது என்றுதான் சொல்கிறோம். ஆகவே இரைச்சலை எடுத்துவிட்டேன். அழுங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு நாள் வகுப்புக்கு அது பாரம். "நாடாப் பிழை" என்று போடுகிறேன். கடல் நாடாவின் பிழை இல்லை என்பது அதில் தானே தெரியும்.

பிரின்ற் த்ரூவுக்கு மூன்று சொல்லையும் இரண்டு மாணவிகளிடம் காட்டினேன். ஒற்றொலியை உடனே வாசித்தார்கள், பொருள் சொல்லவில்லை. ஊறோசைக்கு விளக்கம் சொன்னதும் ஒருத்தி "வடிவான சொல் ரீச்சர்" என்றாள்; மற்றவள் எழுதிக்கொள்ளவில்லை. முன்னுக்குச் சொல்லிக் குடுக்கினம் என்ற அதே பிள்ளைதான், "இது நிழல் மாதிரி" என்றாள். காலையில் ஒரு பக்கம் விழும், பின்னேரம் மறுபக்கம் விழும். நிழலொலி.

சென்னை, புதன் பகல்

நிழலொலியில் காரணம் இல்லை; ஒற்றொலியில் இருந்தது. ஆனாலும் முன்னும் பின்னும் விழுவது நிழல் என்பது நல்ல பிடி. என் வாக்கை நிழலொலிக்கு மாற்றுகிறேன். மீடிறனைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.

நிலாவெளி, புதன் மாலை

நிழலொலிக்கு என் கை. சொல்லும் வேலையோடு பொருந்துகிறது. பாடி முடிந்த பக்கம் வெளியே வரும்படி சுற்றி வைத்தால், இனி ஏறுவதில் பலமானது குரலுக்குப் பின்னால் விழும். குரலே அதை மறைத்துவிடும். தாளில் "நிழலைப் பின்னுக்குத் தள்ளி வை" என்று ஒரு வரி எழுதலாம்.

இன்று சுருளை மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டினேன். நிலையில்லாமல் ஏறியது கொஞ்சம் கழன்றுவிட்டது. "நிரைகழல்" இன்னும் கேட்கிறது, முந்தி இருந்த அளவில் இல்லை. கடல் அப்படியே இருக்கிறது.

உப்புவெளி, புதன் இரவு

நிழலொலிக்கு ஐந்து பேர். ஒற்றொலிக்கு இன்னும் இருவர். மட்டக்களப்பிலிருந்து மறுமொழி இல்லை. மூதூர் ஐயா ஊறோசையில் நிற்கிறார். காலையில் நிழலொலி என்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.

மூதூர், வியாழன் அதிகாலை

கொடுங்கள், அம்மா. பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நிழல் தொடாமல் விழுவது. இந்த ஒலி தொட்டால்தான் வரும். அந்த வேறுபாட்டை ஒரு பிள்ளையாவது தெரிந்துகொள்ள வேண்டும். தாளின் ஓரத்தில் இரண்டு விரல் இடம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பதினான்கு தாளிலும் ஊறோசை என்று பென்சிலால் நானே எழுதிக் கொடுக்கிறேன்.